அவித்த கொட்டையும் சர்க்கரை ஒட்டும் நொதியும்

1

பண்ருட்டிக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்பு ஊரிலிருந்து கிளம்பும்போது, பழம் என்றால் பலா, பலா என்றால் பண்ருட்டி என்று எல்லோரிடமும் அளந்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இப்போது அதே வாயால் சொல்கிறேன். என் நான்கு வருட ஆராய்ச்சியையும், அதில் தொங்கிக்கொண்டிருந்த மூன்று பேரின் விசாவையும் காப்பாற்றியது நம் பலா இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பி. இங்கே அதற்குச் செம்பெடாக் என்று பெயர். பார்க்கச் சின்னப் பலா மாதிரி இருக்கும், வாசனை மட்டும் பக்கத்துத் தெரு வரைக்கும் போகும்.

வெள்ளிக்கிழமை குடிநுழைவு அலுவலகத்தில் எங்களுக்கு இன்னும் இரண்டு வருட அனுமதி கிடைத்தது. கவுன்ட்டரில் இருந்த மலாய்ப் பெண் தாளைத் தள்ளிக்கொண்டே "தஹ்னியா" என்றாள். வாழ்த்துகள் என்று அர்த்தம். அவளுக்கு அது தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தை. எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போடலாம் போல இருந்தது. பின்னால் நீளமான வரிசை நின்றதால் போடவில்லை.

நான் மல்லிகா. ஜொகூர் பாருவில், ஸ்கூடாய் பக்கம் உள்ள ஓர் ஆய்வகத்தில் புற்றுச் செல்களைப் போத்தலில் வளர்த்துப் படிக்கிற வேலை. கணவர் செந்தில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறார். மகள் தாரிணிக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வயதில் என் இடுப்பில் உட்கார்ந்து இங்கே வந்தவள். இன்று என் தமிழைத் திருத்துகிறாள். "சர்க்கரை இல்லம்மா, சீனி. கடையில சர்க்கரைன்னு கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க."

2

ஊரிலிருந்து யார் பேசினாலும், "நீ அங்க என்னதான் பண்ற?" என்று கேட்கிறார்கள். ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நம் உடம்பின் செல்களுக்கு மேலே புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புரதங்கள் வெறுமனே நிற்பதில்லை. அவற்றின்மேல் சர்க்கரைக் கண்ணிகள் கிளை கிளையாக ஒட்டியிருக்கும். காப்பியில் போடும் சர்க்கரை இல்லை, அதன் உறவினர்கள். இந்தச் சர்க்கரைகளைப் பார்த்துத்தான் ஒரு செல் இன்னொன்றை அடையாளம் காண்கிறது, எங்கே ஒட்டி நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அதை வைத்துத்தான். கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டுவதற்கென்று ஆள் இருப்பது போல, புரதத்தில் சர்க்கரையைக் கட்டுவதற்கென்று செல்லுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் நொதிகள்.

புற்றுச் செல்லில் இந்த ஆட்களின் புத்தி மாறிப்போகிறது. சிலர் ஓவர்டைம் பார்க்கிறார்கள். வேண்டாத இடத்திலெல்லாம் முதல் சர்க்கரையைக் கட்டிவிட்டு, மீதியைக் கட்டாமல் பாதியில் போய்விடுகிறார்கள். அதனால் புற்றுச் செல்லின்மேல் குட்டை குட்டையான சர்க்கரைகள் மண்டிக்கிடக்கும். அப்படிப்பட்ட செல்கள் சொன்ன இடத்தில் நிற்பதில்லை, ஊர் சுற்றக் கிளம்பிவிடுகின்றன. பரவும் புற்றுநோய் என்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு வழி.

முதல் சர்க்கரையைக் கட்டும் நொதிகள் மனித உடம்பில் இருபது போல இருக்கின்றன. எல்லாம் ஒரே குடும்பம். அதில் ஒன்றின் பின்னால்தான் நான் நான்கு வருடமாக அலைகிறேன். ஆய்வகத்தில் அதை 'ஆறு' என்று எண்ணைச் சொல்லியே கூப்பிடுவோம். மார்பகப் புற்றுச் செல்லில் ஆறின் வாயை அடைத்துவிட்டால் குட்டைச் சர்க்கரை குறைகிறது, செல் அலைவதும் குறைகிறது. இதுதான் நான் சொல்வது. ஒருவனை அடைத்தால் அண்ணன் தம்பி பத்தொன்பது பேர் அவன் வேலையைச் செய்ய மாட்டார்களா என்பது மற்றவர்கள் கேட்பது.

இதை நிரூபிக்க, கண்ணுக்குத் தெரியாத சர்க்கரையைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். அங்கேதான் பலாக்கொட்டை வருகிறது. பலாக்கொட்டைக்குள் ஒரு புரதம் இருக்கிறது. அது அந்தக் குட்டைச் சர்க்கரையைத் தேடிப்பிடித்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதன் முதுகில் ஒரு சிவப்புச் சாயத்தை ஏற்றிவிட்டால், சர்க்கரை உள்ள செல்லெல்லாம் நுண்ணோக்கியில் சிவப்பாக ஒளிரும். வெளிநாட்டுக் கம்பெனிகள் அதைச் சுத்தம் செய்து, சுண்டுவிரல் அளவுக் குப்பியில் விற்கின்றன. அந்தக் குப்பியை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் அப்பா நாற்பது வருடமாகப் பண்ருட்டி மண்டியில் பலாவைத் தட்டிப் பார்த்தே பழுத்தது எது, பழுக்காதது எது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கொட்டைக்குள் இருப்பதை நான் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது.

3

ஆண்டுக்கொரு முறை கோலாலம்பூரிலிருந்து மூன்று பேர் வந்து எங்கள் வேலையைப் பார்ப்பார்கள். போன வருடம் என் சிவப்புப் படங்களைப் பெருமையாகத் திரையில் போட்டேன். மூவரில் கண்ணாடி போட்ட ஒருவர், மலாய்க்காரர், நிதானமாகக் கேட்டார்.

"இந்தச் சிவப்பு சர்க்கரையைப் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். எதன்மேலும் ஒட்டிக்கொள்ளும் பசை இல்லை என்று எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் சோதனையும் எனக்குத் தெரியும். ஆனால் குப்பி தீர்ந்துவிட்டதால் செய்யாமல் விட்டிருந்தேன். அதைச் சொன்னால் கேவலம் என்று ஏதோ சுற்றி வளைத்துப் பேசினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் பசைக்காரர். செந்தில் சாம்பாரில் பெருங்காயம் குறைந்தது என்று சொன்னால்கூட, "நீங்க ஒரு பசைக்காரர்" என்று எரிந்து விழுவேன்.

அவர்கள் விட்டுச்சென்ற முடிவு இதுதான். இன்னும் ஒரு வருடம் பார்ப்போம், அடுத்த முறையும் பதில் இல்லையென்றால் 'ஆறு' வேலையை மூடிவிடலாம். என் அனுமதி இந்த ஒரு வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. வேலை மூடினால் நாங்கள் மூவரும் பெட்டியைக் கட்ட வேண்டும். எங்கள் தலைவர் டாக்டர் வோங் நல்ல மனுஷி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "மல்லிகா, அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். என்னால் இதற்குமேல் முட்டுக்கொடுக்க முடியாது."

வீட்டில் சொன்னேன். தாரிணி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போறதுன்னா நீங்க போங்க. நான் உங்க லேப் ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டுல இருந்துக்கிறேன்" என்றாள். இங்கேயே இருக்கத்தான் நானும் போராடுகிறேன். இருந்தும் அந்த 'நீங்க' எனக்குச் சுருக்கென்றது.

புதுக் குப்பிக்கு உடனே ஆர்டர் போட்டோம். அது பல மாதம் இழுத்து, கூட்டத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது நாட்டுக்குள் வந்து, சோதனைக் கிடங்கில் உட்கார்ந்துகொண்டது. காரணம், கூட வந்த தாளில் 'பலா விதையிலிருந்து எடுத்தது' என்று இருந்ததாம். விதை என்றால் பயிர் நோய் பார்க்கும் பிரிவின் அனுமதி வேண்டும். நேரில் போனேன். அங்கிருந்த அம்மாள் தன்மையாகத்தான் பேசினார்.

"விதையா?" என்று மலாயில் கேட்டார்.

"விதை இல்லை. விதைக்குள் இருந்தது."

"முளைக்குமா?"

"முளைக்காது, புவான். இது தண்ணீர் மாதிரி இருக்கும். சர்க்கரையைப் பிடிக்கும்."

"சர்க்கரையா? அப்படியானால் உணவுப் பிரிவையும் கேட்க வேண்டுமே."

என் மலாய் எப்போதும் இப்படித்தான், உதவி செய்வதாக நினைத்து இன்னொரு பிரிவை உள்ளே இழுத்துவிடும். கடைசியில் 'இந்தப் பொருள் முளைக்காது, வேர் விடாது, காய்க்காது' என்று ஆய்வகத் தாளில் உறுதிமொழி எழுதி, டாக்டர் வோங்கிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். மேலிடம் பார்க்கும் என்றார்கள். மேலிடம் பார்ப்பதற்குள் வாரங்கள் ஓடின.

4

ஸ்டெல்லா அக்கா எங்கள் ஆய்வகத்தின் உதவியாளர். ஐம்பது வயது. பத்து வருடம் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் எலக்ட்ரானிக் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, போதும்டா சாமி என்று இங்கே வந்து சேர்ந்தவர். அப்பா அம்மா பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். ஞாயிறு பூசையைத் தவறவிடமாட்டார், செல்களுக்குச் சாப்பாடு மாற்றுவதையும் தவறவிடமாட்டார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கேட்டார்.

"டாக்டர், அந்தக் குப்பியில இருக்கறது பலாக்கொட்டைதான? செம்பெடாக் ஆவாதா?"

நான் பண்ருட்டிக்காரி. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஆகும். செம்பெடாக் கொட்டையிலும் அதே வேலையைச் செய்யும் புரதம் இருக்கிறது. இந்த நாட்டிலேயே அதைப் பிரித்தெடுத்துப் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

"எங்க அண்ணி வீட்டுக்குப் பின்னால ஒரு மரம் நிக்குது லா. பண்டார் தெங்காராவுல. இப்ப சீசன். தின்னு மாளாது. ஒரு போன் போடறேன்" என்றார். இந்த 'லா' இங்கே எல்லோர் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும்.

என் எதிரிலேயே பேசினார். "அண்ணி, எங்க ஆராய்ச்சி டாக்டருக்குச் செம்பெடாக் கொட்டை வேணுமாம். தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்க. ஒரு ரெண்டு கிலோ இருக்குமா?" அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "ஓகே, ஓகே, சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்" என்று வைத்தார்.

திங்களன்று ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா வந்தது. உள்ளே கொட்டைகள், ஒவ்வொன்றும் தோல் உரித்து, இரண்டாக வகிர்ந்து, கல்லாக உறைந்திருந்தன. முகம் தெரியாத ஒருத்திக்காக இத்தனை கொட்டையை யார் உட்கார்ந்து உரிப்பார்கள்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. உறைந்தபடியே மிக்ஸியில் போட்டு, உப்புக் கரைசல் ஊற்றி அரைத்தோம். நுரைத்துக்கொண்டு வரும் என்று படித்திருந்தேன். இது பிசைந்த மாவு மாதிரி திரண்டது. செம்பெடாக் இப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன். துணியில் வடிகட்டி, சுழற்றித் தெளிய வைத்து, சாயத்தை ஏற்றி, ஒட்டாத சாயத்தைக் கழுவி, மூன்று நாளில் தயார் செய்தோம்.

நான்காம் நாள் புற்றுச் செல்லின்மேல் விட்டுப் பார்த்தேன். கறுப்பு.

5

விளக்கைச் சரிபார்த்தேன். கண்ணாடித் தட்டை மாற்றினேன். சாதாரண வெளிச்சத்தில் செல்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. சிவப்பு மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை.

போன வருடம் ஒளிர்ந்த அதே செல்கள். அப்படியானால் போன வருடம் நான் பார்த்தது என்ன? பசைக்காரர் சொன்னதுதான் சரியா? கம்பெனிக் குப்பியில் ஏதோ பசைத்தன்மை இருந்து, நான்தான் அதைச் சர்க்கரை என்று நம்பி நான்கு வருடத்தைத் தொலைத்துவிட்டேனா? இரண்டு நாள் இதே நினைப்பு. சாப்பாடு இறங்கவில்லை. செந்தில் பண்ருட்டி வீட்டின் மாடியில் எந்த அறையை எடுத்துக்கொள்வது என்று மெதுவாகப் பேச்செடுத்தார். நல்லெண்ணத்தில்தான் பேசினார். நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா அக்கா குளிர்பெட்டியைச் சுத்தம் செய்தார். டப்பாவில் மிச்சமிருந்த கொட்டைகளை எறிவதற்காக வெளியே வைத்திருந்தார். அவை இளகியிருந்தன. ஒன்றைக் கையுறை போட்ட விரலால் எதேச்சையாக அழுத்தினார். உருளைக்கிழங்கு மாதிரி மசிந்தது.

"அலமாக்!" என்றார், ஐயையோ என்பதற்கு இங்கே அதுதான். "டாக்டர், இங்க வாங்க. இதை அமுக்கிப் பாருங்க."

அழுத்தினேன். மசிந்தது. பலாக்கொட்டையோடு பிறந்து வளர்ந்தவள் நான். பச்சைக் கொட்டை இப்படி மசியாது என்பது பண்ருட்டியில் தவழும் குழந்தைக்குத் தெரியும்.

ஸ்டெல்லா அக்கா போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணி, கொட்டைய அவிச்சீங்களா?"

"அவிக்காம எப்படி ஒருத்தருக்குக் குடுக்கறது?" அந்தக் குரலில் உண்மையான திகைப்பு. "உப்பு போட்டு, பதமா அவிச்சு, தோலு உரிச்சு, ஆற வெச்சு ஐஸ்ல வெச்சேன். ஏன், உப்பு பத்தலையா?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து டாக்டர் வோங் எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே அழுதேன் என்பதுதான் உண்மை. செல் பொய் சொல்லவில்லை. நான்கு வருடம் வீண் இல்லை. அவித்த கொட்டையில் அந்தப் புரதம் சுருண்டுபோயிருக்கும், சர்க்கரையைப் பிடிக்க அதற்குக் கை இருக்காது. தப்பு முழுக்க என்னுடையது. கொட்டை வேண்டும் என்று கேட்டோமே தவிர, எதற்கு என்று சொல்லவில்லை. உப்பு போட்டிருப்பதும் தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் கரைசலே உப்புத்தான்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தம்மா சரியாத்தான செஞ்சிருக்கு" என்றார். "பச்சைக் கொட்டைய யாரும்மா இன்னொருத்தர் வீட்டுக்குக் குடுத்தனுப்புவாங்க?"

6

கூட்டத்துக்கு மூன்று வாரம். இந்தத் தடவை நானே போவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலையில் ஸ்டெல்லா அக்காவும் நானும் காரில் கிளம்பினோம். தாரிணியும் அதிசயமாக வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். கூலாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நத்தையாக ஊர்ந்து பண்டார் தெங்காரா போய்ச் சேர்ந்தோம்.

அண்ணியின் பெயர் செசிலியா. ஸ்டெல்லா அக்காவின் அண்ணன் மனைவி. பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவர். வாசலுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு ஒல்லியா இருந்தா கொட்டைய அவிச்சுக் குடுக்காம என்ன பண்றது?" என்றார். அதோடு மன்னிப்பு, விளக்கம் எல்லாம் முடிந்தது.

பின்னால் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அண்ணி வலது கையால் தொரட்டியைப் பிடித்துப் பழத்தை இழுத்தார். இடது கையில் தோள் வரைக்கும் இறுக்கமான தோல் நிற உறை ஒன்று போட்டிருந்தார். அதை நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"மார்ல ஆபரேசன். அதோட கை வீங்கிக்கும், அதுக்குத்தான் இது. ஆறு வருசம் ஆச்சு, மாத்திரை எல்லாம் முடிச்சாச்சு" என்றார். "நீ எந்தக் கேன்சரும்மா பாக்கற?"

ஸ்டெல்லா அக்கா இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணிக்கு ஊரெல்லாம் பேசினால் பிடிக்காதாம்.

"அதேதான், அண்ணி. மார்பகப் புத்து" என்றேன்.

 அவர் கத்தியை எண்ணெயில் தொட்டு என் கையில் கொடுத்தார். "அப்ப என்ன பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? சீக்கிரம் உரி."

நான் ஒன்பது வருடமாகப் புற்றுச் செல்லோடு குடித்தனம் நடத்துகிறேன். போத்தலில் வளரும், எண் போட்டிருக்கும், வாரத்துக்கு இரண்டு தடவை சாப்பாடு மாற்றுவோம். அது ஒருத்தியின் மார்பில் வளர்ந்தது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அன்றைக்கு அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரம் இந்த வேலையை எந்தக் காரணம் கொண்டும் விடக்கூடாது என்கிற வெறியும் வந்தது.

தாரிணி பால் ஒட்டிய விரல்களை எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டே அண்ணியிடம் என் வேலையை விளக்கிக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, சீனி ஒட்டுற ஆளு ஒருத்தன் இருக்கான். அவன ஸ்டாப் பண்ணணும். எங்க அம்மா அதுக்குத்தான் ட்ரை பண்றாங்க." இத்தனை நாள் நான் சொன்னதையெல்லாம் அவள் காதில் வாங்கியே இருக்கிறாள். 'எங்க அம்மா' என்று அவள் சொன்னது எனக்கு இனிப்பாக இருந்தது.

பச்சைக் கொட்டையோடு திரும்பினோம். இந்த முறை மிக்ஸியில் நுரை பொங்கி வழிந்தது. வியாழக்கிழமை மதியம் செல்லின்மேல் விட்டுக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் சிவப்பு வளையம். தட்டு முழுக்கச் சிவப்பு. நான் "அக்கா!" என்று கத்தியதில் அவர் ஏதோ உடைந்துவிட்டது என்று ஓடி வந்தார்.

அவித்த சாற்றின் மிச்சத்தைக் கொட்டப் போனார் ஸ்டெல்லா அக்கா. கை தொட்டிக்கு மேலே போனபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"அக்கா, கொட்டாதீங்க!"

அதே மரம். அதே கொட்டை. அதே உப்பு, அதே சாயம், அதே மூன்று நாள் வேலை. வித்தியாசம் அண்ணியின் அடுப்பு மட்டும்தான். சிவப்பு வெறும் பசையாக இருந்தால் அவித்ததும் ஒட்டியிருக்க வேண்டும். அது ஒட்டவில்லை. ஒரு வருடமாக நான் தேடிய பதிலில் பாதி ஐஸ்கிரீம் டப்பாவில் வந்து, நான் அதைத் தோல்வி என்று நினைத்து இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறேன்.

7

கூட்டத்தன்று அதே மூவர், அதே கண்ணாடி. நான் நான்கு படங்களைத் திரையில் போட்டேன்.

முதலாவது, புற்றுச் செல்லும் பச்சைக் கொட்டைச் சாறும். சிவப்பு. இரண்டாவது, போன வருடம் நான் செய்யாமல் விட்ட சோதனை, அதே சாற்றில் முன்கூட்டியே சர்க்கரையைக் கலந்து புரதத்தின் கையை நிரப்பிவிட்டது. இருட்டு. மூன்றாவது, ஆறின் வாயை அடைத்த செல். சிவப்பு மங்கி, தேடினால்தான் தெரியும். அண்ணன் தம்பிகள் கொஞ்சம் கைகொடுத்திருக்கிறார்கள், ஆனால் அவன் இடத்தை நிரப்ப முடியவில்லை. செல்படலத்தில் ஒரு கோடு கீறிவிட்டால், சாதாரணப் புற்றுச் செல்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து கோட்டை மூடிவிடும். ஆறை அடைத்த செல்கள் அடுத்த நாளும் கரையிலேயே நின்றுகொண்டிருந்ததையும் காட்டினேன்.

நான்காவது படம் முழுக் கறுப்பு.

பசைக்காரர் நிமிர்ந்தார். "இதில் செல் இருக்கிறதா?"

சாதாரண வெளிச்சத்தில் எடுத்ததைக் காட்டினேன். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

"சாற்றில் புரதமே இல்லாமல் இருக்கலாமே?"

"அளந்தோம். பச்சைச் சாற்றிலும் இதிலும் ஒரே அளவு வைத்தோம். சாயமும் அதே அளவு ஏறியிருக்கிறது. இது அவித்த கொட்டை."

"அவித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது?"

போன வருடத்து மல்லிகாவாக இருந்தால் ஏதாவது ஜோடித்திருப்பாள். இந்தத் தடவை ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து உப்புவரை எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். டாக்டர் வோங் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  பசைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெபுஸ்?" என்று மலாயில் கேட்டார். அவித்ததா என்று.

"ரெபுஸ்" என்றேன்.

"உப்பு போட்டு?"

"உப்பு போட்டு."

"எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு மற்ற இருவரையும் பார்த்தார். "என் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. எனக்கு இதை மூடுவதில் சம்மதம் இல்லை."

வேலை இரண்டு வருடத்துக்கு நீண்டது. மறுவாரம் சோதனைக் கிடங்கிலிருந்து குப்பியும் வந்து சேர்ந்தது, முளைக்காது என்பதை மேலிடம் ஒப்புக்கொண்டுவிட்டதாம். பிரித்துச் சோதித்தோம். செம்பெடாக் காட்டியதையே அதுவும் காட்டியது. அன்று வீட்டுக்குப் போய்ப் பெருங்காயம் தூக்கலாகப் போட்டுச் சாம்பார் வைத்தேன்.

8

நேற்று ஞாயிறு. குடும்பத்தோடு பண்டார் தெங்காரா போனோம். படங்களைப் பெரிதாக அச்சடித்து எடுத்துப்போயிருந்தேன். அண்ணி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சிவப்புப் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இவன்தான் என்னைய அந்தப் பாடு படுத்துனவனா?"

"இவனோட ஜாதிதான், அண்ணி."

"பாக்க அழகாத்தான் இருக்கான், சனியன்." அடுத்த படத்தை எடுத்தார், ஆறின் வாயை அடைத்த செல். "இதுல?"

"இதுல சீனி ஒட்டுறவன நிறுத்திட்டோம். செல்லு இடத்த விட்டு நகர மாட்டேங்குது. ஆனா இது தட்டுல நடந்தது, அண்ணி. மருந்தா ஆகறதுக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. ஆகாமலும் போகலாம்." பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்று இதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"தட்டுல நின்னுச்சுல்ல? முதல்ல அங்க நிக்கட்டும் லா" என்றார் அண்ணி. கறுப்புப் படத்தைக் கையில் எடுத்தார். "இது என்ன, ஒண்ணுமே காணோம்?"

"அது உங்க கொட்டை. நீங்க அவிச்சது. அது இல்லன்னா யாரும் என்னைய நம்பியிருக்க மாட்டாங்க."

அண்ணி அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டார். மாதா படத்துக்குப் பக்கத்தில் சுவரில் இடம் பார்த்து, தாரிணியை நாற்காலிமேல் ஏற்றி ஆணி அடிக்கச் சொன்னார். பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மாள் இது என்ன கறுப்பாக என்று கேட்டதற்கு, "ஆராய்ச்சி. நான் பண்ணது" என்றார்.

கிளம்பும்போது கார் ஜன்னல்வரை வந்தார். சீசன் முடியப் போகிறது, மரத்தில் கடைசியாக ஏழெட்டுப் பழங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. உறை போட்ட இடது கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு கண்டிப்பாகக் கேட்டார்.

"அடுத்த வாரம் கொட்டை எடுத்து வெக்கிறேன். இப்பவே சொல்லிடு, அப்புறம் என்னைய குத்தம் சொல்லக் கூடாது. பச்சையா வேணுமா, அவிச்சு வேணுமா?"

"பாதி பச்சையா, பாதி அவிச்சு, அண்ணி" என்றேன். "எங்களுக்கு இனிமே ரெண்டும் வேணும்."